ஆறு மில்லிமீட்டருக்குள் ஒரு முகம்

அவருடைய விரல்கள் அந்தப் பலகையின் மேல் நின்றுபோன இடம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஓரடி நீளமுள்ள ரப்பர் மரப் பலகை. கீழிருந்து மேலாக நிதானமாகத் தடவிக்கொண்டே வந்தவர், கணவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விரல்கள் இரண்டு குழிகளுக்குள் இறங்கியதும் நிறுத்திக்கொண்டார். "கண்ணு இருக்கற எடத்துல பள்ளமா இருக்கே சார்" என்றார். குரலில் குறை சொல்லும் தொனிகூட இல்லை. என்னால்தான் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

பெங்களூரு பொம்மனஹள்ளியில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் அவர் இருந்தார். தெருவே அவரை ஆபரேட்டர் மேடம் என்றுதான் சொல்லும். பிறவியிலேயே பார்வை இல்லை. ஒரு வங்கிக் கிளையில் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய கணவருக்கும் பார்வை கிடையாது. ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தவர். நான் குடிவந்தபோது அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் வந்த கதையும் அப்படியொன்றும் உற்சாகமானதல்ல. மனைவி மகளை அழைத்துக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டாள். சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. பேச்சு குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் அவள் அங்கே வேலை கிடைத்திருக்கிறது என்றாள். நான் சரி என்றேன். பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டு இந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு வந்தேன். லேப்டாப்பில் வேலை, லேப்டாப்பின் முன்னாலேயே சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல், மேசைமேல் வைக்கிற அளவில், கணினி சொல்கிறபடி மரம் செதுக்கும் ஒரு சிறிய சிஎன்சி இயந்திரம் வாங்கினேன். பூ, யானை, பெயர்ப்பலகை என்று எதையாவது செதுக்கி, செதுக்கியதை அலமாரியில் அடுக்கினேன். கேட்க ஆளில்லாத வீட்டில் பெயர்ப்பலகை எதற்கு என்று நானும் யோசிக்கவில்லை.

இயந்திரத்தின் இரைச்சலுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் முதலில் கீழே போனேன். மேலே ஆள் இருப்பது தெரிகிறது, நல்லதுதான் என்றார் மேடம். என்ன இயந்திரம் என்று கேட்டார். ஒரு யானையைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். தும்பிக்கையிலிருந்து வால்வரை இரண்டு முறை தடவினார். படத்தை மரத்தில் மேடு பள்ளமாக ஆக்க முடியுமென்றால் தன் கல்யாணப் படத்தையும் அப்படி ஆக்க முடியுமா என்று கேட்டார். கூடத்துச் சுவரில் அந்தப் படம் முப்பது வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்கத் தெரியாத இரண்டு பேர் வாழ்ந்த வீட்டில், வந்து போகிறவர்களுக்காக மாட்டிய படம். தங்கவயல் தேவாலய வாசலில் எடுத்தது. வெள்ளைப் புடவையில் மேடம், பக்கத்தில் கறுப்பு கோட்டில் அவர் கணவர், போட்டோக்காரர் மாட்டிவிட்ட கறுப்புக் கண்ணாடியோடு.

இயந்திரத்துக்குப் படம் தெரியாது. சாம்பல் நிறத்தின் அளவு மட்டும்தான் தெரியும். வெள்ளை என்றால் உயரம், கறுப்பு என்றால் ஆழம், நடுவில் உள்ளதெல்லாம் நடுவாந்திரம். யானைப் படத்தை அதற்கென்றே தயார்செய்து யாரோ இணையத்தில் போட்டிருந்தார்கள்; எனக்குச் சிரமமில்லாமல் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் கல்யாணப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கி அப்படியே ஓடவிட்டேன். வெள்ளைப் புடவை மலைபோல் எழுந்து நின்றது. கோட்டு பாதாளத்துக்குப் போனது. பழைய படத்தின் புள்ளிகளெல்லாம் மரத்தில் சொரசொரப்பாக ஏறின. கறுப்புக் கண்ணாடி இரண்டு குழிகளாயிற்று. அந்தப் பலகையைத்தான் யோசிக்காமல் அவர் மடியில் வைத்தேன்.

மறுபடி செய்கிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று தெரியவில்லை. வெளிச்சம் வேறு, உயரம் வேறு. நெற்றியில் வெயில் பட்டிருக்கிறது என்பதற்காக நெற்றி மூக்கைவிட உயரமாகிவிடாது. எனக்குக் கிடைத்த ஆழம் ஆறு மில்லிமீட்டர். அதற்குள் மூக்கு, கன்னம், காது, பின்னால் சுவர் எல்லாம் அடங்க வேண்டும். எது எவ்வளவு என்பது படத்தில் இல்லை. அது மேடத்தின் கையில்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு அவர் தட்டு நிறைய சப்பாத்தி மாவு பிசைந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார். வீட்டில் தன் கணவர் கண்ணாடி போடமாட்டார், அதை எடுத்துவிடுங்கள் என்றார். மாவை அழுத்தியும் கிள்ளியும் மூக்கின் தண்டு எங்கே வளைகிறது, வலது இமை எவ்வளவு உப்பியிருக்கும், இடது கண் எவ்வளவு உள்வாங்கியிருக்கும் என்று காட்டிக்கொண்டே வந்தார். நான் அதைப் பார்த்துப் பார்த்து திரையில் சாம்பல் பூசினேன். யாரும் படமெடுக்காத ஒரு முகம் மெல்ல வந்தது. நாலு ஞாயிறு போனதே தெரியவில்லை.

அந்த வேலையின் நடுவில்தான் கவனித்தேன். படத்தில் அவர் முகம் மேடத்தின் பக்கம் இல்லை. நேராகவும் இல்லை. மணப்பெண் அவருக்கு இடதுபுறம் நிற்க, அவர் தன் வலதுபுறம் திரும்பியிருந்தார், எங்கேயோ போக நினைப்பவர்போல. பிடிக்காத கல்யாணமோ என்று நினைத்தேன். எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றும். என் வீட்டிலும் முகங்கள் திரும்பி வெகுநாள் ஆகியிருந்தது. மேடத்துக்குத் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்து, மேடம் இருந்த பாதியை வெட்டிவிட்டு கணவரின் தலையை மட்டும் செதுக்கினேன்.

இரண்டாவது பலகையை அவர் வெகுநேரம் தடவினார். இமைகளில் விரல் போனபோது உதடு லேசாக அசைந்தது. பிறகு ஓரம்வரை போய்ப் பார்த்துவிட்டு, "நான் எங்க சார்?" என்றார். இடம் போதவில்லை என்றேன். அவர் மறுபடி முகத்துக்கு வந்தார். மரத்தில் மற்ற எல்லாவற்றையும்விட முன்னால் நின்ற காதைப் பிடித்துக்கொண்டார். "இது இடது காது. நான் நின்ன பக்கம் இதுதானே?"

இதற்குமேல் மறைக்க முடியவில்லை. ஆமாம் மேடம், சார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார் என்று சொன்னேன். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என்னைப் பார்க்கப் போவதில்லை என்றாலும்.

அவர் அந்தக் காதை இன்னொரு முறை தடவினார். பிறகு சொன்னார்: "பேசறவங்க பக்கம் மூஞ்சியத் திருப்பறது கண்ணு தெரியற உங்க பழக்கம் சார். அவுரு காதத் திருப்புவாரு. புது ஷூ கடிக்குதுன்னு அந்நேரம் நான் அவுருகிட்ட சொல்லிட்டிருந்தேன். அதத்தான் கேட்டுட்டிருக்காரு."

சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. "முப்பது வருசமா எத்தினி பேரு இந்தப் படத்தப் பாத்திருப்பாங்க. நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. ஒருத்தரும் இதச் சொல்லல. நீங்களும் மறைக்கத்தான் பாத்தீங்க."  அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு சந்தோஷத்தை, பாவம் என்று நினைத்தே எல்லோரும் அவரிடமிருந்து எடுத்து வைத்திருந்தோம். கணவர் இருக்கும்போது தெரிந்திருந்தால் இரண்டு பேருமாகச் சிரித்திருப்பார்கள்.

மூன்றாவது பலகையில் இருவரும் இருந்தார்கள். தன் முகத்துக்கு அவர் மாவு பிசையவில்லை. நீங்கள் பார்த்ததை வைத்தே போடுங்கள் என்றுவிட்டார். மழைக்காலம் முடிந்ததும் தங்கை வீட்டோடு இருப்பதற்குத் தங்கவயலுக்குப் போனார். சாமான்களெல்லாம் டெம்போவின் பின்னால் ஏறின. பலகையை மட்டும் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். வண்டி போனபிறகு நான் மாடிக்கு வந்து இயந்திரத்தை ஓடவிட்டேன். செதுக்க ஒன்றும் இல்லாததால் நிறுத்திவிட்டேன்.

கீழ்த்தளத்தில் இப்போது வேறு குடித்தனம். யாரென்று எனக்குத் தெரியாது. போன மாதம் மனைவி போன் செய்தாள். எங்களுக்குள் வாட்ஸப் செய்திகள்தான் வழக்கம்; போனென்றால் மகளுக்கு ஏதோ என்று பயந்து எடுத்தேன். அப்படி ஒன்றுமில்லை. மகள் நீச்சல் கற்றுக்கொள்கிறாள், அவளை விட்டுவிட்டுக் காத்திருக்கிறேன் என்றாள். வழக்கம்போல அலுவலக மின்னஞ்சலைப் பார்த்தபடியே ம்ம் போட்டுக்கொண்டிருந்தவன், லேப்டாப்பை மூடிவிட்டு போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அங்கே தண்ணீரில் குழந்தைகள் குதிக்கும் சத்தம் கேட்டது. அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். நான் சத்தமில்லாமல் ஆகிவிட்டதை அவள் வேறுவிதமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். சொல்லு."

அதற்குப் பிறகு அவள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.  மகள் கரையேறும்வரை இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.