பெரிய வெள்ளியன்று அணைத்த விளக்கு

என் வீட்டுக்காரர் மார்ட்டின் எந்த வண்டி வந்தாலும் முதலில் பேனட்டைத் திறக்க மாட்டார். பின்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புகை வருகிற குழாயின் வாயில் உள்ளங்கையைப் பிடிப்பார். நல்ல இன்ஜின் என்றால் காற்று ஒரே சீராக வந்து கையில் மோதும். நடுவில் ஒரு துடிப்பு தப்பினால் அவர் கண் சுருங்கும். அதற்குப் பிறகுதான் கோளாறைப் படித்துச் சொல்கிற ஸ்கேனரை எடுப்பார்.

குருசுக்குப்பத்தில் எங்கள் அடுக்களைக் கதவைத் திறந்தால் அவருடைய ஷெட். பத்தொன்பது வருடமாக அந்தக் கதவருகில் நின்றுதான் அவர் வேலையைப் பார்த்திருக்கிறேன். ஆண்கள் கூடியிருக்கிற இடத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை.

அவரிடம் அதிகம் வந்தது, இன்ஜினில் கோளாறு என்று டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிற வண்டிகள். வேறு ஷெட்டுகளில் ஸ்கேனரைச் சொருகுவார்கள், புகைக்குழாயில் இருக்கிற ஆக்சிஜன் சென்சரில் கோளாறு என்று வரும், சென்சரை மாற்றி அனுப்பிவிடுவார்கள். பத்து நாளில் விளக்கு திரும்ப எரியும். இவருக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். "சென்சரு பாவம்டி," என்பார் என்னிடம். "உள்ள ஒரு சிலிண்டர்ல நெருப்பு புடிக்கல. எரியாத காத்து அப்பிடியே வெளிய வருது. அத பாத்துட்டுதான் அது சொல்லுது. சொன்னவன புடிச்சி அடிச்சா எப்பிடி?"

வேலையில் அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. அவருடைய அப்பா தச்சர். பெரிய வெள்ளியன்று அந்த வீட்டில் யாரும் ஆணி அடிக்க மாட்டார்கள், சுத்தியல், உளி எதையும் தொட மாட்டார்கள். ஆண்டவரை ஆணியில் அறைந்த நாள். அப்பா போன பிறகும் இவர் அதை விடவில்லை. அன்றைக்கு ஸ்பேனர்களை எல்லாம் ஒரு சாக்கில் சுற்றி மூலையில் வைத்துவிடுவார்.

போன வருடம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி மூன்றாம் நாளே பெரிய வெள்ளி. காலையில் கனகசெட்டிக்குளத்து பஞ்சநாதன் தன் மீன் வண்டியோடு வந்து நின்றார். படகுகள் கடலுக்குப் போகாததால் வண்டிக்கு லோடு இல்லை. அவருடைய மகள் ஜெயசித்ரா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். வலி எடுத்தால் அந்த வண்டியில்தான் டவுனுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் வண்டியைச் சரிபார்த்துக்கொள்ள வந்திருந்தார். ஏற்கெனவே வேறு இடத்தில் இரண்டு முறை சென்சர் மாற்றியிருந்தார்.

"ஒங்க வண்டி முத்தியால்பேட்ட திரும்பும்போதே எனக்குத் தெரிஞ்சிடும்ண்ணா. பூனையெல்லாம் எழுந்து நிக்கும்," என்றார் இவர்.

பஞ்சநாதன் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, கோயில் கஞ்சி வந்தா எனக்கும் ஒரு டம்ளர் வையி. மீன் புடிக்கத்தான் தடை, கஞ்சி குடிக்க இல்லியே."

இவர் குழாயில் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு பேனட்டைத் திறந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற கரண்ட் சாக்கெட்டைக் கையாலேயே பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார். ஒன்றைப் பிடுங்கினால் இன்ஜின் தள்ளாடும். அப்படித் தள்ளாடினால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது என்று அர்த்தம். இரண்டாவதைப் பிடுங்கியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்பது போல ஓடியது.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சிலிண்டருக்குப் பொறி தருகிற ப்ளக்கைக் கழற்ற வேண்டும். அதற்கு ஸ்பேனர் வேண்டும். மூலையில் இருந்த சாக்கை ஒரு தடவை பார்த்தார். இன்று இரும்பைத் தொட மாட்டேன், நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்று சொன்னார். பஞ்சநாதன் சாமி விஷயத்தில் மறுத்துப் பேசுகிறவர் இல்லை. அவரும் கடலுக்குப் போக நாள் பார்க்கிற குடும்பம்தான்.

"சரிப்பா. அந்த வெளக்கயாவது அமுத்தி வுடு. ஜெயசித்ரா அத பாத்தாலே பயப்புடுது."

ஸ்கேனர் பிளாஸ்டிக். பித்தானை அமுக்குவது வேலையில் சேராது. இவர் அமுக்கினார், விளக்கு அணைந்தது. நாளைக்கு மறக்காமல் கொண்டுவாருங்கள் என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுக் கை கழுவ உள்ளே போனார்.

பஞ்சநாதன் வண்டியில் ஏறும்போது போனில் பேசினார். கதவருகில் நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது. "சரியாப்போச்சும்மா. வெளக்கு அணஞ்சிருச்சி." முகம் தெளிந்திருந்தது. இந்த மனிதர் நாளைக்கு வரமாட்டார் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. கூப்பிட்டுச் சொல்ல வாய் வரவில்லை. கோயிலில் அன்றைக்கு மணிக்குப் பதில் மரக்கட்டை தட்டுகிற சத்தம் கேட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த நாள் ஈஸ்டர். அதற்குப் பிறகு வேறு வண்டிகள் வந்தன.

மூன்று வாரம் கழித்து அந்த வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். பஞ்சநாதன் சவரம் செய்யாத முகத்தோடு இறங்கினார். நடந்ததை நின்றபடியே சொன்னார். நாலு நாளுக்கு முன் மதியம் ஜெயசித்ராவுக்கு வலி எடுத்திருக்கிறது. அதுவரை வாசலில் சும்மா நின்ற வண்டி. ஆறு பேர் ஏறியிருக்கிறார்கள். பாரம் ஏறியதும் வண்டி திணறி, அந்த விளக்கு மின்னி மின்னி எரிந்திருக்கிறது. அதை முதலில் பார்த்தவள் ஜெயசித்ராதான். அந்த வலியிலும், "அப்பா, வெளக்கு," என்றாளாம். காலாப்பட்டு தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. போகிற வண்டிகளுக்கெல்லாம் கைகாட்டி, கடைசியில் ஒரு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஜெயசித்ரா பிழைத்துக்கொண்டாள். குழந்தை அழவே இல்லை. பெண் குழந்தை.

"தப்பு என்னுதுதான் மார்ட்டினு," என்றார். "நீ வரச் சொன்ன. நாந்தான் வெளக்கு எரியலியேன்னு இருந்துட்டேன். எம் பொண்டாட்டி அங்கம்மா எங்கூட பேசறதில்ல."

இவர் ஸ்பேனரை எடுத்து இரண்டாவது ப்ளக்கைக் கழற்றினார். அதன் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போல ஒரு விரிசல். வண்டிக்கு அடியில் படுத்துப் புகைக்குழாயையும் பிரித்துப் பார்த்தார். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கிற பாகம் உருகிப் புகையே போக முடியாமல் அடைத்திருந்தது. எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்ததால் வந்தது.

பஞ்சநாதன் அந்த ப்ளக்கைக் கையில் வாங்கினார். கட்டைவிரல் நீளம்தான் இருந்தது.

"இத மாத்த எவ்ளோ நேரம் ஆவும்?"

தப்பு தன்னுடையது என்று அவரே சொல்லிவிட்டார். இவர் ஏதாவது ஒரு நேரத்தைச் சொல்லியிருக்கலாம். அரைநாள் என்றாலும் நம்பியிருப்பார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பத்து நிமிசம்ண்ணா," என்றார் இவர். "எதுல கோளாறுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அன்னிக்கே மாத்தியிருந்தா இது உருகியிருக்காது."

பஞ்சநாதன் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ப்ளக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

"வெளக்கயாவது எரிய வுட்டிருக்கலாம்லப்பா," என்றார்.

பிறகு எழுந்து, ப்ளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் பிடிக்க நடந்து போனார். அன்று மாலை நான் இவரிடம் போய், பஞ்சநாதன் போனில் பேசியது எனக்குக் கேட்டது என்று சொன்னேன். வரமாட்டார் என்று எனக்குத் தோன்றியதையும் சொன்னேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

வண்டியை முழுதாகச் சரிசெய்து நிறுத்தினார். தினமும் காலையில் அதை ஸ்டார்ட் செய்து, பின்னால் உட்கார்ந்து குழாயில் கையைப் பிடிப்பார். ஒரு துடிப்பும் தப்பாமல் ஓடிக்கொண்டிருக்கும். அவர் கையை எடுக்க மாட்டார். தடைக்காலம் முடிந்ததும் பஞ்சநாதனுடைய பையன் அஜித் வந்து, சாவியை வாங்கி, யாரையும் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அந்த வண்டி எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. சரிசெய்யாமல் விளக்கை மட்டும் அணைத்துக் கொடு என்று யார் கேட்டாலும் இப்போது இவர் செய்வதில்லை. வேறு ஷெட்டுக்குப் போகிறோம் என்றால் போகட்டும் என்று இருந்துவிடுகிறார்.

இந்த வருடம் பெரிய வெள்ளியன்று காலை ஆறு மணிக்கே ஷெட்டைத் திறந்தார். ஸ்பேனர் சாக்கைப் பிரித்து, ப்ளக் ஸ்பேனரைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த டயர் மேல் உட்கார்ந்தார். கோயிலுக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். எங்கள் தெரு சாமிக்கண்ணு நின்று, இன்றைக்கு என்ன நாள் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் இவர். மரக்கட்டைச் சத்தம் கேட்டபோதும் எழுந்திருக்கவில்லை.

நான் கஞ்சி வாங்கிவந்து பக்கத்தில் வைத்தேன். அன்று ஒரு வண்டியும் வரவில்லை.