நாலாம் நம்பர் மெஷினின் எழுபத்தெட்டு டிகிரி

சித்ராதேவியை எங்கள் சாயப்பட்டறையில் 'கம்ப்யூட்டர் புள்ள' என்றுதான் சொல்வார்கள். பூர்வீகம் சாத்தூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்த்துப் படிக்கவைத்தார்கள். நான் பரணி, லேப்பில் கலர் பார்க்கிறவன். எனக்கும் அவளுக்கும் ஒரே அறை, ஒரே ஃபேன். அந்த ஃபேனுக்கு தினமும் ஒரு சண்டை.

துணியை மூடிபோட்டு அழுத்தத்தில் கொதிக்கவைத்துச் சாயமேற்றும் நாலாம் நம்பர் மெஷின், சூட்டைத் தானே ஏற்றி இறக்கிக்கொள்ளும். ஆனால் அதன் சொந்த டிஸ்ப்ளே செத்து இரண்டு வருடமாகிறது. புதிது வாங்க முதலாளிக்கு மனசு வரவில்லை. சித்ரா பைத்தான் மொழியில் எழுதிய புரோகிராம்தான் சென்சாரைப் படித்து, உள்ளே எத்தனை டிகிரி என்று எங்கள் அறையிலும் மெஷின் பக்கத்திலும் உள்ள திரைகளில் காட்டும். அப்படிப் படிப்பதற்கு சென்சார் கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்த ஆயத்த புரோகிராம், லைப்ரரி என்பார்கள், ஒன்று உண்டு. எங்கள் சென்சாரோ நாற்பது டிகிரி போலக் குறைத்துச் சொல்லும் சனியன். அதனால் அந்த லைப்ரரியைப் பிரதியெடுத்து, உள்ளேயே கணக்கைத் திருத்தி, பட்டறை ஃபோல்டரில் வைத்திருந்தாள். பெயரை மட்டும் மாற்றவில்லை. அங்கேதான் கோட்டை விட்டாள்.

ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் முன்னால், சூட்டின் கிராஃபைப் போனில் பார்க்க வேண்டுமென்றார் முதலாளி. அதற்காக வெளியிலிருந்து ஒரு புரோகிராமை இன்ஸ்டால் செய்தாள். இன்ஸ்டால் செய்துதரும் பேக்கேஜ் மேனேஜர் அதற்கு வேண்டிய துணை லைப்ரரிகளையும் தானே இழுத்துவந்தது. அதில் அந்தச் சென்சார் லைப்ரரியின் திருத்தாத அசலும் ஒன்று. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் எது சரி என்றெல்லாம் பைத்தான் பார்க்காது. தேடும் வரிசையில் முதலில் கிடைப்பதை ஏற்றிக்கொள்ளும். அசல் வரிசையில் முன்னால் உட்கார்ந்துவிட்டது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் திருத்தியதை ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்ததால் ஒன்றும் வெளியே தெரியவில்லை. மாதக்கணக்கில் யாரும் அதை நிறுத்தியதே இல்லை.

பூஜைக்கு எல்லாவற்றையும் நிறுத்தினோம். கம்ப்யூட்டர் முதல் பாய்லர் வரை துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தது நான். நாலாம் நம்பரின் பிரஷர் மீட்டர் கண்ணாடியில் கை நிறைய அப்பினேன். சாமி காரியமாச்சே என்று பிறகு ஒருவனும் துடைக்கவில்லை.

லீவு முடிந்து மறுபடி எல்லாம் ஓடத் தொடங்கிய அன்று, மதியம் இரண்டே காலுக்கு சித்ரா கிராஃபைப் பார்த்தபடி கேட்டாள்.

"பரணியண்ணே, பாலியஸ்டருக்கு எம்புட்டு சூடு வேணும்?"

"நூத்திமுப்பது போகோணும் கண்ணு."

"இதுல தொண்ணூத்திரண்டத் தாண்டவே இல்லையே."

"அப்ப கலர் ஏறாது. துணி போச்சு போ" என்று சிரித்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு வரி தட்டினாள். லைப்ரரி எந்த ஃபோல்டரிலிருந்து ஏறியிருக்கிறது என்று திரையில் வந்தது.

"அண்ணே, திருத்தாதது ஏறியிருக்கு. இப்ப ஆறி எழுபத்தெட்டுன்னு காட்டுது. நெசமா உள்ள நூத்திப்பதினாறு."

எண்பதுக்குக் கீழே வந்தால் மூடியைத் திறக்கலாம் என்பது பட்டறைச் சட்டம். நூற்றுப்பதினாறில் திறந்தால், அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் ஆள் முகத்தில்தான் பாயும். சூட்டில் மூடியைத் திறக்கவிடாத பூட்டு கெட்டு, கழற்றிப் போட்டு நாளாயிற்று. மெஷின் ஓட்டும் ஜெயபாண்டி இரண்டு மணி ஷிப்டுக்கு அப்போதுதான் வந்தவன். காலையில் திரை என்ன காட்டியது என்று அவனுக்குத் தெரியாது. போன் செய்யலாமென்றால், வேலை நேரத்தில் ஆட்களின் போன்கள் எல்லாம் வாசல் பெட்டியில்தான் கிடக்கும்.

சித்ரா ஓடினாள். நானும் ஓடினேன். மீட்டரில் நான் அப்பிய சந்தனம் நினைவுக்கு வந்தது. உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று ஜெயபாண்டியால் அதிலும் பார்க்க முடியாது. அந்த இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. ஜெயபாண்டி மூடியின் சக்கரத்தை அரைச் சுற்று தளர்த்தியிருந்தான். விளிம்பில் ஆவி சீறியது. சித்ரா பின்னாலிருந்து அவன் பனியனைப் பிடித்து இழுக்க, இரண்டு பேரும் ஈரத் தரையில் விழுந்தார்கள். நான் கையில் கோணியைச் சுற்றிக்கொண்டு சக்கரத்தை இறுக்கினேன்.

"என்னக்கா இது? ஸ்க்ரீன்ல எழுபத்தெட்டுத்தான இருக்கு" என்றான் அவன். "நீங்க எழுதுனது தப்பாவா காட்டும்?"

மேனேஜர் வந்துவிட்டார். "ஏதோ கம்ப்யூட்டர் ஃபால்ட்டுங்க" என்று நான் வாயெடுத்தேன். சித்ரா விடவில்லை.

"ஃபால்ட் இல்ல சார். ரெண்டு வாரத்துக்கு முன்னால நான் ஏத்துனது. இன்னைக்கு ஆன் பண்ணினப்பதான் உள்ள வந்திருக்கு. நான் செக் பண்ணல."

ஜெயபாண்டி தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்து எதாச்சும் ஏத்துனா, மொத என்கிட்ட வந்து சொல்லிருங்கக்கா. மூடியத் தெறக்குறது நான்தான."