விழுந்த இடம் சொல்லாத புரோகிராம்

கொம்பியூட்டர் தொழிலில் புரோகிராம் ஓடும்போது பாதியில் நின்று விழுவது பெரிய விஷயமில்லை. எங்கே விழுந்தது என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய விஷயம். என்னைப் போல மாரடித்தவர்களுக்கு இது விளங்கும். எண்பதுகளின் நடுவில் நான் யாழ்ப்பாணத்தில் கல்வி அலுவலகக் கந்தோரில், மெஷினோ கொழும்பில். புரோகிராமைத் துளைகளாகப் பதித்த அட்டைகளை ரயிலில் அனுப்பினால், இரண்டு நாளில் முடிவு தாளாகத் திரும்பும். ரயில் ஓடினால்.

அந்த முறை வேலை ஆசிரியர் இடமாற்றப் பட்டியல். புரோகிராம் புதிது. வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டாவிட்டால் எல்லாருக்கும் இருந்த இடத்திலேயே இன்னொரு வருடம்.

மரியாதையான ஒரு வரி

பிழை வந்தால் மெஷின் எந்த வரியில் விழுந்தது, அந்தப் பகுதியைக் கூப்பிட்டது எது, அதற்கு முன் எது என்று சுவடு பிடித்துப் பக்கம் பக்கமாக அடிக்கும். அந்தத் தாள்களைக் கண்டாலே எங்கள் மேலதிகாரிக்குத் தலையிடி. ஆகவே நான் ஒரு கெட்டித்தனம் செய்திருந்தேன். என்ன பிழை வந்தாலும் புரோகிராமே அதைப் பிடித்து, 'தவறு நேர்ந்துள்ளது, வருந்துகிறோம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அடித்துவிட்டு நின்றுவிடும்.

முதல் ஓட்டத்தில் அந்த ஒரு வரிதான் வந்தது. அட்டைகளை ஊகத்தில் திருத்தி அனுப்பினேன். மறுபடியும் அதே வருத்தம். கொழும்பில் மெஷினை ஓட்டுகிற நெல்லியடி அண்ணையிடம் ரெலிபோனில் புலம்பினேன்.

"ஐசே, மெஷின் என்ன செய்யும்? பிழையைப் பிடிச்சு வாயைப் பொத்தினது நீர்தானே!"

வாங்கில் இருந்தவர்

குருநகர் யேசுமலர் ரீச்சர் லீவு போட்டுவிட்டுத் பட்டியல் வந்துவிட்டதா என்று தினமும் வந்து கந்தோர் மர வாங்கில் குந்தியிருந்தார். எட்டு வருடமாகத் தூர வன்னியில் ஒரே பள்ளிக்கூடம். மகள் குருநகரில், ரீச்சரின் தாயோடு. "மெஷினிலை பிழை" என்று நான் பொய் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ரை பிள்ளை என்னை ரீச்சர் எண்டு கூப்பிடுது தம்பி. அதையும் உங்கடை மெஷினுக்குச் சொல்லுங்கோ."

என்ரை பிழை

பிழையைப் பிடிக்கும் இடத்தில் ஒரு சொல் கூடுதலாகப் போட்டால், வருத்தம் தெரிவித்த கையோடு சுவட்டையும் அடித்துத் தரும். திங்கட்கிழமை அந்த ஒரு அட்டையை ரயிலேற்றினேன். புதன் காலை தாள்கட்டு வந்தது.

ஸ்ரேசன் வாசலில் ஆமிக்காரர் கட்டைப் பிரித்தார். எழுத்தும் இலக்கமும் கலந்து கிடந்த பக்கங்களைக் கண்டதும் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினார். இரகசியச் செய்தி என்று நினைத்துவிட்டார். "பிழை சேர். எல்லாம் என்ரை பிழை" என்றேன். பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, கொச்சைத் தமிழில் கேட்டார்.

"ஒரு ஆள் இவ்வளவு பிழை? சரி, போ."

பூச்சியம்

சுவடு தெளிவாக இருந்தது. யாருக்கு முன்னுரிமை என்று பார்க்க, சேவை வருடத்தைக் கிடைத்த இடமாற்றங்களின் எண்ணிக்கையால் வகுக்கும் வரியில் விழுந்திருக்கிறது. அந்த நேரம் மெஷின் வாசித்துக்கொண்டிருந்தது யேசுமலர் ரீச்சரின் விபர அட்டை. இடமாற்றம் பூச்சியம். பூச்சியத்தால் எந்த மெஷின் வகுக்கும்? அப்படி ஒருவர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மதிய ரயிலுக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. புது வரி எழுதி, அதுவும் விழுந்தால் பட்டியலே இல்லை. மேலதிகாரிக்குச் சுகமான வழி இருந்தது: அந்த ஒரு அட்டையை எடுத்துவிடுவது. சொல்ல வெட்கம், எனக்கும் அந்த அட்டையில் கை போனது. பிறகு, பூச்சியமென்றால் ஒன்றாக எடு என்று ஒரு அட்டை துளைத்துக்கொண்டு ஸ்ரேசனுக்கு ஓடினேன். படியிறங்கும்வரை மேலதிகாரி கத்தியது கேட்டது.

"ஒரு ஆளுக்காக எல்லாரையும் மறிக்கிறீரோ? உந்த அட்டையைத் தூக்கிப் போட்டிட்டு ஓட்டுமன்!"

வெள்ளிக்கிழமை

ரயில் நான்கு மணித்தியாலம் பிந்தி வந்தது. பட்டியல் முழுதாக இருந்தது. யேசுமலர், குருநகர். ரீச்சரிடம் பூச்சியக் கதையைச் சொல்லி, பிழை மெஷினுடையதல்ல, என்னுடையது என்றேன். அவர் தன் பெயரை இரண்டு தரம் வாசித்தார்.

"எட்டு வருசமா நான் அங்கை கிடந்தது ஒருத்தருக்கும் உறுத்தேல்லைத் தம்பி. உந்த மெஷின் மட்டும்தான் என்ரை பேரிலை தடக்கி விழுந்திருக்கு."

அதன் பிறகு நான் எழுதிய எந்தப் புரோகிராமும் யாரிடமும் வருத்தம் தெரிவித்ததில்லை. விழுந்தால், விழுந்த இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் விழும்.