நான் கழுவிய ஜல்லி

பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு மைசூருக்குத் திரும்பிய என் மகள், இரண்டு மாதம் அறையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. பிறகு ஒருநாள் மொட்டைமாடியில் பெரிய நீலத் தொட்டி ஒன்றை வைத்து ஜிலேபி மீன் குஞ்சுகளை விட்டாள். அதற்கு மேலே ஜல்லி நிரப்பிய இன்னொரு தொட்டி. அதில் புதினாவும் கீரையும். சின்ன மோட்டார் ஒன்று மீன் தண்ணீரை ஜல்லிக்கு ஏற்றும். அது வடிந்து மறுபடி மீன்களிடமே இறங்கும். காலையில் அவள் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும்.

நான் நர்ஸ். மற்றவர்களைக் கை கழுவச் சொல்லியே இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். வருகிறவர்கள் மாடிக்கும் போவார்களே என்று முந்தின நாள் ஏறிப் பார்த்தேன். ஜல்லி முழுக்கப் பழுப்பாக வழுவழுவென்று ஏதோ படிந்திருந்தது. மகள் கடைக்குப் போயிருந்தாள். செடிகளை எடுத்து வாளியில் வைத்துவிட்டு, ஜல்லியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் தேய்த்தேன். வாசனை போகும்வரை அலசிப் பழையபடி பரப்பினேன். புதினா மூடிக்கொண்டதால் வித்தியாசம் தெரியவில்லை. அவளிடம் சொல்லவும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் மேலிருந்து கூப்பிட்டாள். மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு செத்து மிதந்தன. சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டாள். மஞ்சளாக வரவேண்டியது கரும்பச்சையாக வந்தது.

“அமோனியா ஏறிடுச்சும்மா. மீன் கழிவுலேர்ந்து வர்றது. ஜல்லியில இருக்கிற பாக்டீரியாதான் அதை மாத்திச் செடிக்கு உரமாக் குடுக்கும். அது எப்படிச் செத்துச்சுன்னே தெரியல.” அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “நான் எதைத் தொட்டாலும் இப்படித்தான் ஆகுது, இல்ல?”

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன்.

“வழுவழுன்னு இருந்துச்சே, அதுவா பாக்டீரியா?”

“ஆமா. ஏன்?”

“நான் கழுவிட்டேன்டி. பிளீச்சிங் போட்டு.”

“அம்மா! அது வளர எத்தனை வாரம் ஆச்சு தெரியுமா? சொல்லிட்டுச் செய்யக் கூடாதா?” அவள் கத்தினாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

குளோரின் போக டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீர் இருந்தது. தொட்டியில் பாதியை இறைத்துவிட்டு அதை ஊற்றினோம். மீன்களுக்குத் தீனியை நிறுத்தினாள். பிறகு இரண்டு பேரும் குண்டலுபேட்டைக்குப் பஸ் ஏறினோம். அங்கே இதேபோல் மீன் வளர்க்கும் ஒருவர், நடந்ததைக் கேட்டுவிட்டுத் தன் தொட்டியிலிருந்து ஒரு வாளி அழுக்கு ஜல்லியை ஈரச் சாக்கு மூடிக் கொடுத்தார்.

“நர்ஸம்மா, தயவுசெஞ்சு இதைக் கழுவிடாதீங்க.”

அந்தப் பாக்டீரியா எங்கள் ஜல்லியிலும் பரவி, சோதனைக் குழாய் மஞ்சளாக வர மூன்று வாரமாயிற்று. அதற்குள் இன்னும் மூன்று மீன்கள் போயின, மற்றவை பிழைத்தன. ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று திரும்பி வரும்போது வாளி என் மடியில் இருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து தோழியிடம் போனில் பேசினாள்.

“நான் இல்லடி, எங்கம்மா! எல்லாத்தையும் கொன்னுட்டாங்க. ஆமா, நர்ஸேதான்!”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். இன்னும் நாலு பேரிடம் சொல்லட்டும் என்று வாளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.