மஞ்சக்கடம்புக் கைப்பிடி

நான் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது முடித்துவிட்டு உளி பிடித்தவன். நாலு பேர் நிற்கும் இடத்தில் டீ கேட்கவே கூச்சப்படுவேன். 1991-இல் நடந்த இதை வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது மண்ணூர் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் எனக்கு வேலை. இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன் அதே வடிவத்தை மரத்தில் செய்து அச்செடுக்க வேண்டும். பேட்டர்ன் என்பார்கள். அதைச் செய்யும் தச்சன் நான்.

என் மனைவியின் தங்கை எங்களோடு இருந்தாள். செங்கல்பட்டில் ஒரு மைதானத்தில் வில்வித்தை பழகினாள். அவளுடையது மூங்கில் வில். மேலும் கீழும் மூங்கில் பட்டைகள், நடுவில் இரண்டையும் போல்ட் போட்டுப் பிடிக்கும் மரக் கைப்பிடி. மாநில ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்க எட்டு நாள் இருக்கும்போது அந்தக் கைப்பிடி பிளந்துவிட்டது. அடுத்த வருடம் அவளுக்கு ஜூனியர் வயது தாண்டிவிடும்.

"நீதான் செஞ்சு குடுக்கணும் மாமா. எனக்கு வேற யாரு கீறாங்க?" என்றாள்.

பிளந்ததைத் திருப்பிப் பார்த்தேன். மேலே கறுப்புப் பாலிஷ். உள்ளே மரத்தின் ரேகை குறுக்காக ஓடி வெளியே வந்திருந்தது. விரிசல் பல நாளாகவே இருந்திருக்கும். கறுப்பில் யாருக்கும் தெரியவில்லை. வெளிறிய மரம்தான் வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு துண்டுக் கட்டைகள் கிடந்த மூலைக்குப் போனேன். அவர் ஒரு வேங்கைத் துண்டை எடுத்து நீட்டினார். நான் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, வெளிறிய மஞ்சக்கடம்புத் துண்டுகள் பக்கம் குனிந்தேன்.

"இன்னாய்யா, இரும்பு மாரி வேங்கை கீது. அத்த வுட்டுட்டு சோகை புடிச்ச கட்டையத் தேடிக்கினு கீற! வில்லு பண்றியா, பல்லு குத்தற குச்சி பண்றியா?"

சட்டைப் பையிலிருந்த பேனாவைத் திறந்து ஒரு துண்டின்மேல் ஒரு சொட்டு மை விட்டேன். மை மரத்தின் ரேகையோடுதான் ஓடும். முதல் துண்டில் சரிந்து ஓடியது. அடுத்த இரண்டிலும் அப்படித்தான். நாலாவதில் தண்டவாளம் போல நேராக ஓடியது. பக்கவாட்டில் விட்டேன்; அங்கும் நேர். அடர்ந்த நிற வேங்கையில் விட்டிருந்தால் மை போன வழியே தெரிந்திருக்காது.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். "பலே கேடிய்யா நீ. எடுத்துனு போ," என்றார்.

மூன்று நாள், ஷிஃப்ட் முடிந்து வந்து வீட்டில் செதுக்கினேன். வியாழக்கிழமை அவள் பழைய கைப்பிடியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மாமா, புதுசு நீளமா கீதே."

"இருக்காது. இருபத்திரண்டு அங்குலம். அளந்துதான் வெட்டினேன்."

"எத்தால அளந்த?"

கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தேன். இரும்பு ஆறும்போது சுருங்கும். அதை ஈடுகட்ட, பேட்டர்ன் தச்சனின் ஸ்கேலில் ஓர் அடி என்பது நிஜ அடியைவிடச் சற்று நீளமாக இருக்கும். பதினெட்டு வருடமாக வேறு ஸ்கேலைத் தொடாத கை இது. கைப்பிடி கிட்டத்தட்டக் கால் அங்குலம் வளர்ந்திருந்தது. அப்படியே மாட்டினால் அவள் பழகிய இழுப்பே மாறிவிடும்.

உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"அக்கா, மாமா என் வில்லை இரும்புல ஊத்தப் போறாராம்!"

"சிரிக்காதடி. ஞாயித்துக்கெழமைக்கு மூணு நாள்தான் கீது."

நல்லவேளை, போல்ட்டுக்கு இன்னும் துளை போடவில்லை. எந்த ஸ்கேலையும் நம்பாமல் பழைய கைப்பிடியையே மேலே வைத்து, கூடுதல் நீளம் இரண்டு முனையிலும் சரிபாதியாகக் குறையும்படி கோடு இழுத்தேன். வெளிறிய மரத்தில் பென்சில் கோடு மயிரிழையாகத் தெரிந்தது. அந்தக் கோட்டின் தடிமனில் பாதியை விட்டுப் பாதியை அறுத்தேன். துளை போட்டதும் மூங்கில் பட்டைகள் வந்து உட்கார்ந்தன. இடையில் ஒரு தாள் நுழைய இடமில்லை. சனிக்கிழமை அவள் நூறு அம்பு விட்டுப் பார்த்தாள். ஒரு கீறல் விழவில்லை.

ஞாயிறு காலை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போனோம். ஐம்பது மீட்டரில் அவள் மூன்றாவதாக இருந்தாள். முப்பது மீட்டரில் அவள் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் நான் குறியைப் பார்க்கவில்லை, கைப்பிடியைத்தான் பார்த்தேன். உரித்த பனங்கிழங்கு போல வெயிலில் பளிச்சென்று, அசையாமல் நின்றது. கடைசி மூன்று அம்பும் நடு வட்டத்தில். முதலிடம் என்று மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். அணியில் சேர்த்துக்கொண்டார்கள்.

மற்ற பிள்ளைகளும் அவர்களைக் கூட்டி வந்தவர்களும் வில்லைச் சூழ்ந்துகொண்டார்கள். யார் செய்தது என்று கேட்டார்கள். ஒதுங்கி நின்ற என்னை அவள் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"எங்க மாமாதான்! சொல்லு மாமா, இன்னா மரம்னு சொல்லு."

"மஞ்சக்கடம்பு," என்றேன்.

"இன்னாது?" என்றார் பின்னால் ஒருவர்.

"மஞ்சக்கடம்பு!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று நாற்பத்திரண்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. நான் தலையைக் குனியவில்லை.

மறுநாள் நாணை இழுத்ததில் அவளுக்கு விரல்கள் வீங்கியிருந்தன. மருந்து வாங்கப் போனாள். எனக்கு முதல் ஷிஃப்ட். வழக்கமான பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.