இடது பின் சக்கரம்

தெருவில் எல்லோரும் அவளைக் கெட்டிக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். கார் பட்டறை வைத்திருப்பவள். அவள் முறுக்கிய நட்டை அவளே வந்து கழற்றினால்தான் உண்டு என்று பேச்சு. அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம். இருக்கட்டுமே, இல்லாததையா சொல்கிறார்கள்?

அந்தக் கர்வத்துக்குத்தான் இப்போது சோதனை வந்திருந்தது. வெளியாள் வண்டியென்றால்கூடப் பரவாயில்லை, சொந்த அக்காவின் கார். சக்கரத்தை அச்சின் நுனியிலுள்ள ஹப்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் ஸ்டட் என்ற விரல் பருமன் இரும்புத் தண்டு, இடது பின் சக்கரத்தில் மட்டும் திரும்பத் திரும்ப முறிந்தது. முதல் தடவை, பழசாகிவிட்டது என்று மாற்றினாள். இரண்டாம் தடவை, மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, வேறு கடையில் வாங்கி மாட்டினாள். இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பாலத்தின் மேல் வண்டி தடதடவென்று ஆடியது. இறங்கிப் பார்த்தால் இரண்டு ஸ்டட்டுகள் நட்டோடு போயே போய்விட்டன.

அக்காவுக்குச் சிறுநீரகம் பழுது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரித்தாக வேண்டும். திரும்பி வரும்போது துவண்டு போயிருப்பாள், பஸ்ஸெல்லாம் நடக்காத காரியம். அத்தான்தான் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். இரும்புக் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் பெயின்ட் அடிப்பது அவர் தொழில். ஆஸ்பத்திரி நாட்களில் அந்த வேலைக்கும் லீவு.

இழுவை வண்டி காரைப் பட்டறையில் இறக்கியதும் அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தங்கைக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இனிமே நீ சரியாயிடுச்சுன்னு சொன்னாத்தான் இதுல ஏறுவேன். இல்லேன்னா வீட்டுலயே கிடக்கறேன். பாலத்து மேல சாகறதுக்கு அது மேல்."

இப்படிப் பேசுகிற அக்காதான் ஒரு காலத்தில், பொம்பளைக்கு எதுக்குடி ஸ்பேனர் என்று ஊரே சிரித்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, "பிரேக்கைப் பாரு" என்றவள். தங்கை பிரித்து மாட்டியதும் சோதிக்காமல் ஏறிப் போனாள். கெட்டிக்கையின் முதல் வாடிக்கை அதுதான். இன்று அதே அக்கா ஏறப் பயப்படுகிறாள். அது தங்கைக்கு நெஞ்சில் தைத்தது.

"நாளன்னைக்கு நீ இதுலதான் போகப் போறே," என்றாள். வாய் சொல்லிவிட்டது. இனிக் கைதான் காப்பாற்ற வேண்டும்.

ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினாள். ஹப்பில் மிச்சமிருந்த துண்டு ஒன்றைத் தட்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரேயடியாக முறிந்திருந்தால் முறிந்த முகம் முழுக்கச் சொரசொரவென்று இருக்கும். இதில் முக்கால்வாசி வழவழப்பு, ஓரத்தில் மட்டும் சொரசொரப்பு. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிப்போமே, அந்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு முறிந்திருக்கிறது. அதிகமாக முறுக்கியதால் வந்த வினை இல்லை. எங்கேயோ பிடி தளர்ந்திருக்கிறது.

நட்டின் சரிந்த விளிம்பு சக்கரத் துளையின் சரிவில் இடைவெளியில்லாமல் ஒட்டி உட்கார்ந்தது. ஹப்பைச் சுற்றிவிட்டாள், ஆட்டமில்லை. சக்கரத்தின் துளைகளும் இன்னும் வட்டம்தான். பிறகு எது தளர்கிறது?

சக்கரமும் ஹப்பும் ஒட்டுகிற முகத்தில் விரலை ஓட்டினாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது. தடிமனான, பளபளக்கும் கறுப்புப் பெயின்ட். போன தடவை இதே இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளி மாதிரி தேய்த்து அனுப்பினாளே? அன்றைக்கும் பெயின்ட் இருந்ததும், எந்தக் காலத்திலோ எவனோ அடித்தது என்று யோசிக்காமல் தேய்த்துப் போட்டதும் இப்போதுதான் உறைத்தது.

"அத்தான், இந்த வீலை யாராவது கழட்டினாங்களா?"

"வேற யாரு கழட்டுவா? நான்தான்," என்றார் அத்தான், பல் யார் விளக்கியது என்று கேட்டதுபோல.

"எதுக்கு?"

"நீ தேச்சு வெறும் இரும்பா விட்டுடறே. துருப்பிடிக்காதா? ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போனதும் கழட்டி, ரெண்டு கோட்டிங் அடிச்சு மாட்டிடுவேன். உன்கிட்ட சொன்னா குத்தம் சொல்ற மாதிரி இருக்குமேன்னு சொல்லல."

வெறும் இரும்பைக் கண்டால் அந்த மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. அது தெரிந்த விஷயம்தான்.

"மத்த மூணு வீலுக்கும் அடிச்சீங்களா?"

"அதுக்கெல்லாம் எதுக்கு?" அவர் நாற்காலியில் கண் மூடியிருந்த மனைவியைப் பார்த்தார். "அவ உக்கார்ற பக்கம் இதுதானே."

நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். ஆனால் மெதுவாகத்தான் சொன்னாள். இரும்பும் இரும்பும் ஒட்டினால்தான் பிடி நிற்கும். நடுவில் பெயின்ட் இருந்தால் ஓட ஓட நசுங்கிப் பொடியாகும், நட்டு அதே இடத்தில் இருந்தாலும் இறுக்கம் போய்விடும். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் வளைந்து நிமிரும்.

அத்தான் ஹப்பில், ஸ்டட்டைச் சுற்றி நசுங்கியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். பெயின்ட் தூளாக உதிர்ந்தது. முகம் செத்துப் போய்விட்டது அவருக்கு.

"அப்ப நானேதான் அவளை..."

"விடுங்க. பெயின்ட்டை மொத தடவை பாத்தப்பவே நான் கேட்டிருக்கணும். என் கை முறுக்கினதை எவன் தொடப் போறான்னு இருந்துட்டேன்."

தின்னரும் உப்புத்தாளும் அவர் கையிலேயே கொடுத்தாள். மனிதர் வியர்க்க வியர்க்க, ஒரு பொட்டு கறுப்பு மிஞ்சாமல் எடுத்தார். தொழில் சுத்தம் அதிலும் தெரிந்தது. உடையாத பழைய ஸ்டட்டுகளையும் நம்பாமல் எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, எதிரெதிர் நட்டாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும்வரை முறுக்கினாள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் ரெஞ்சை வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை.

"துருப்பிடிச்சா?" அத்தானுக்கு இன்னும் மனசு கேட்கவில்லை.

"அப்பப்ப நான் தேச்சு விடறேன். உங்களுக்குப் பெயின்ட் அடிச்சே ஆகணும்னா, அதோ என் பட்டறை கேட் இருக்கு."

அக்கா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

அடுத்த ஆஸ்பத்திரி நாளன்று பட்டறையைப் பூட்டிவிட்டுக் கெட்டிக்கையும் கூடப் போனாள். போகும்போது அக்கா கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இறுகப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது, அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே இருந்த அக்காவின் பக்கத்தில் தங்கை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். பாலம் வந்தது. கைப்பிடியிலிருந்து அக்காவின் கை நழுவி மடியில் விழுந்தது. தலை தங்கையின் தோளில் சாய்ந்தது.

முன்னாலிருந்து அத்தான் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "ஆடுதா?" என்றார் ரகசியமாக.

"ஆடல. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க அத்தான், அவ தூங்கறா."