நம்பர் பிளேட் இல்லாத சிவப்புக் கார்

பழைய காலத்தில் வெள்ளைக்காரர்கள் பந்தயத்தில் ஓட்டிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அண்ணன் அச்சு அசலாகச் செய்து முடித்தான். அசலை அவன் கண்ணால் கண்டதில்லை. ஒரு கலண்டர் படத்தில் அதன் வலப்பக்கம் மட்டும் தெரிந்தது. இடப்பக்கத்தை அவனாகவே யோசித்துத் தகரம் அடித்தான். அவன் 'அச்சு அசல்' என்று சொல்லும்போதெல்லாம் நான் இடப்பக்கம் போய் நின்று சிரிப்பேன்.

மாத்தளையில், தம்புள்ளைக்குப் போகும் வீதியோரம் எங்கள் கராஜ். மரக்கறி லொறியைத் திருத்த வந்தவர்கள்கூட லொறியை மறந்துவிட்டு அந்தக் காரையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். அதற்குக் கதவு இல்லை, கூரை இல்லை. கவிழ்ந்தால் தலையைக் காக்க ஒரு வளைந்த கம்பி, இரண்டு தோளையும் இறுக்கும் பெல்ட், மூக்கில் வெள்ளை வட்டத்துக்குள் ஏழாம் நம்பர். நாளைக்கே பந்தயம் என்றாலும் அது தயார். ஃபாதர் தீர்த்தம் தெளிக்க வந்தபோது அண்ணன் ஆர்வக்கோளாறில் எஞ்சினை முடுக்கிவிட, செபம் பாதியில் நின்றுபோனது.

நம்பர் பிளேட் மட்டும்தான் இல்லை. நாட்டில் சண்டை நடந்த காலம் அது. நம்பர் இல்லாத வண்டி வீதியில் இறங்கினால் முதல் சோதனைச் சாவடியிலேயே கதை கந்தல். அதற்குள் அண்ணனுக்கு வெளிநாட்டு வேலை வேறு சரிவந்தது. போவதற்கு முன் காரை விற்றே தீருவேன் என்று நின்றான். எனக்கு அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. தகரம் தேய்த்ததும் சிவப்பு அடித்ததும் நான். ஆனால் கராஜ் முற்றத்தைத் தாண்டி ஓட்ட அவன் என்னை ஒருநாளும் விட்டதில்லை.

டவுனில் கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர் பந்தயப் பைத்தியம். ஓட்டிக் காட்டினால் வாங்குவதாகச் சொன்னார். ரப்பர் தோட்டம் ஒன்றை நிர்வகித்த துரை தன் தோட்டப் பாதையில் ஓட்டிக்கொள்ளச் சம்மதித்தார். காரை லொறியில் ஏற்றி, படங்கு போட்டு மூடிக் கொண்டுபோனோம். சாவடியில் படங்கைத் தூக்கிய ஆமிக்காரப் பையன்கள் முறைவைத்து ஏறி உட்கார்ந்தார்கள். ஒருவன் வாயாலேயே கியர் மாற்றினான்.

தோட்டத்தில்தான் என் அதிர்ஷ்டம் காத்திருந்தது. எஞ்சின் சத்தத்தை வெளியே நின்று கேட்க வேண்டும், செய்தவன் பக்கத்தில் நின்று விளக்க வேண்டும் என்றார் ஹாஜியார். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தான்.

"நீ ஓட்டு தங்கச்சி. மெதுவா."

நான் அந்த இடத்திலேயே திட்டம் போட்டுவிட்டேன். இரண்டாம் வளைவில் எஞ்சினை நிறுத்திவிடுவது. தள்ளிக்கொண்டு வரும் காரை எந்த ஹாஜியார் வாங்குவார்?

முதல் வளைவு வரை அந்த நினைப்பு இருந்தது. அதற்குப் பிறகு காற்று வந்தது. மூன்றாம் கியர் விழுந்ததும் கார் ஒரு துள்ளுத் துள்ளியது, என் ரிப்பன் பறந்தது, ரப்பர் மரங்களெல்லாம் பின்பக்கமாக ஓடின. ரப்பர் பால் வாளியோடு நின்ற பெண்கள் கையைத் தூக்கிக் கூவ, நானும் கூவினேன். இரண்டாம் வளைவு எப்போது வந்து போனது என்றே தெரியாது. தொழிற்சாலை முற்றத்தில் ஒரு வட்டம் அடித்தேன். ஆசை தீராமல் இன்னொரு வட்டம். திரும்பி வரும்போது கண்ணில் தூசி, பல்லில் தூசி, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் நான் இருந்ததே இல்லை.

சரியாக ஹாஜியாரின் கால் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"இந்தப் புள்ள ஓட்டினதப் பார்த்த பொறகு பேச என்ன இருக்கு? வண்டி எனக்குத்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெடுக்கப் போன நானே காரை விற்றுக் கொடுத்திருக்கிறேன். சிரித்துக்கொண்டிருந்த முகத்தில் கண்ணீர் வழிந்தது. எது எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை. இறங்கச் சொன்னார்கள். நான் அசையவில்லை.

"பெல்ட் சிக்கிக்கிச்சு அண்ணே."

அந்தப் பெல்ட்டைச் செய்தவன் அவன். அது சிக்காது என்று அவனுக்குத் தெரியும். குனிந்து என் முகத்தைப் பார்த்தான். பிறகு ஹாஜியார் பக்கம் திரும்பினான்.

"இது இப்படித்தாங்க ஹாஜியார். இன்னொரு சுத்து ஓடினாத்தான் கழலும்."

சொல்லிவிட்டு அவனே கையை நீட்டி எஞ்சினை முடுக்கினான்.